ரெண்டு கதவு ஸ்பீக்கர் போதும் தம்பிகளே



இந்தத் தடவை அன்னதானக் கணக்கும் இல்லை, பால்குட நேரமும் இல்லை. காடி ஸ்பீக்கர் பத்தின பதிவு. கோயில் பக்கத்தில் இதெல்லாம் எதுக்கு என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீளமாகத்தான் இருக்கும், முன்கூட்டியே மன்னிப்பு.

நடந்தது இதுதான். ரெண்டு வாரத்துக்கு முன்னே வெள்ளிக்கிழமை சாயங்கால பூஜை. ஐயர் தீபாராதனைத் தட்டை எடுக்கிறார், ஒரு அம்மா சன்னமான குரலில் தேவாரம் பாடுகிறார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு மைவி வந்து நிற்குது. என்ன பாட்டு என்றே தெரியலை, தும் தும் என்று நெஞ்சுக்குள்ளே அடிக்குது. மண்டபத்துத் தகரக் கூரையும் கூடச் சேர்ந்து அதிருது. அம்மா பாடுவதை நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. "சத்தம் போடும் காடிகள் வளாகத்துக்குள் வரக் கூடாது" என்று வாசலில் பலகை வைக்கணும், சம்மதம் என்றால் கை தூக்குங்கள் என்றார்கள். தொண்டர் குழுவில் இருக்கும் நாங்கள் ஆறு பேரும் தூக்கலை. ஏன் தூக்கலை என்று அன்னைக்கே சொல்லியிருக்கலாம், ஆனால் அது வாய்த் தகராறு ஆகிவிடும். எழுதினால் நிதானமாக எழுதலாம் என்று விட்டுவிட்டோம்.

அந்த மைவிப் பையன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அன்னதானத்துக்கு அண்டா கழுவுகிறவன். தேர் அன்னைக்கு ராத்திரி 2 மணி வரைக்கும் கயிறு பிடித்தவன். பலகை வைத்தால் அவன் வர மாட்டான், அவன் கூட்டாளிகள் மூணு பேரும் வர மாட்டார்கள். அப்புறம் அண்டா யார் கழுவுவது? கூட்டத்தில் கை தூக்கினவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு முட்டி வலி.

எங்கள் கருத்து சின்னதுதான். காடியில் நல்லாப் பாட்டுக் கேட்க ஆசைப்படுவது தப்பே இல்லை. அதுக்கு முன்கதவு ரெண்டு ஸ்பீக்கரையும் 200 வெள்ளி சுமாருக்கு மாத்தி, கதவை ஒழுங்காக அடைத்தால் போதும். அதுக்கு மேலே போடுகிற நூறு நூறு வெள்ளியும் பெரும்பாலும் சத்தத்துக்குத்தான் போகுது, பாட்டுக்குப் போகலை. பையன்களைத் துரத்துவதை விட, இதை அவர்களுக்குச் செய்து காட்டுவது நல்லது.

முதல்ல, காடியோடு வருகிற ஸ்பீக்கர் ஏன் இப்படி இருக்குது என்று பார்ப்போம். சாகா ஆகட்டும், மைவி, ஆக்ஸியா ஆகட்டும், விலை குறைந்த மாடலில் தயாரிப்பாளர் சென்னைக் கூட எண்ணித்தான் செலவு பண்ணுவார். நாங்களும் ஃபேக்டரிக்காரர்கள், அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியும், அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. கழட்டிக் கையில் எடுத்தால் காகிதத்தில் ஒரு கூம்பு, ஐம்பது காசு அளவுக்குக் கொஞ்சம் பெரிய காந்தம், பிளாஸ்டிக் சட்டம், அவ்வளவுதான். அந்த ஒரே கூம்புதான் தவில் சத்தத்தையும் கொடுக்கணும், ஜால்ரா சத்தத்தையும் கொடுக்கணும். ரெண்டையும் அது அரைகுறையாகத்தான் செய்யும். நம்ம வெயிலும் மழையும் சேர்ந்து பத்து வருஷத்தில் கூம்பின் ஓரம் நைந்து போய்விடும். சில மாடல்களில் முன்னால் ரெண்டுதான், பின்கதவில் ஒன்றுமே கிடையாது.

இதில் முதலில் அடிபடுவது மேல் ஸ்தாயி. பேச்சில் அ, ஆ, ஓ எல்லாம் கீழ் ஸ்தாயியில் பலமாக இருக்கும். க், ச், த், ஷ் இதெல்லாம் மேலே, 2,000 ஹெர்ட்ஸிலிருந்து அதுக்கும் மேலே மெல்லிசாக உரசிக்கொண்டு போகும். அட்டைக் கூம்பு இந்த மெல்லிசை விட்டுவிடும். அதாவது உயிர் எழுத்து கேட்கும், மெய் எழுத்து கேட்காது. சந்தேகம் இருந்தால் சூலமங்கலம் சகோதரிகள் பாடின கந்த சஷ்டி கவசத்தைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் கேட்டால் ஒவ்வொரு எழுத்தும் மணி மணியாக விழும். பழைய காடியில் போட்டால் தூரத்தில் யாரோ ஜபம் செய்வது மாதிரி இருக்கும். வார்த்தை புரியலை என்றதும் நாம் என்ன செய்வோம்? சத்தத்தைக் கூட்டுவோம். கூட்டினால் கூம்பு கரகரக்கும், இன்னும் புரியாது, இன்னும் கூட்டுவோம்.

இதை நாங்கள் புத்தகத்தில் படித்துச் சொல்லலை. எங்கள் ஆறு பேரில் நாலு பேர் கூலிம், சுங்கைப் பட்டாணி, பினாங்கு என்று முப்பது வருஷமாக மிஷின் பக்கத்தில் நின்றவர்கள். கூலிம் ஹை டெக் பார்க் 1996-ல் திறந்தது. அதுக்கு முன்னே விடிகாலை 5 மணிக்கு ஃபேக்டரி பஸ் பிடித்து பாயான் லெப்பாஸ் போய் வந்த கூட்டம் நாங்கள். வேலை இடத்தில் வருஷா வருஷம் காது சோதனை உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள்ளே உட்கார வைத்து, பீப் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். எங்களில் மூணு பேருடைய படத்திலும் 4,000 ஹெர்ட்ஸ் இடத்தில் ஒரு பள்ளம் இருக்குது. இரைச்சலால் கெட்ட காதின் அடையாளமே அந்தப் பள்ளம்தான். உள்காதில் மயிர் மாதிரி இருக்கிற செல் ஒரு தடவை செத்தால் செத்ததுதான், திரும்ப முளைக்காது. சோதனை செய்த மிஸ்ஸி சொன்னார், "அங்கிள், ஆள் பேசுறது கேட்கும், என்ன பேசுறாங்கன்னு பிடிபடாது" என்று. அப்படியே நடக்குது. வீட்டில் பேரப்பிள்ளை பேசினால் தலையை ஆட்டிவிட்டுப் போகிறோம்.

எங்களில் ஒருத்தர் வீட்டுப் பேத்தி திருமுறைப் போட்டிக்குப் பாடினதைப் போனில் பதிவு பண்ணி அனுப்பியிருந்தாள். அவர் அதைத் தன் சாகாவில் போட்டு மூணு நாள் கேட்டும் பாதி வார்த்தை விளங்கலை. காதுதான் முழுசாகப் போய்விட்டது என்று மனுஷர் சாப்பாடே சரியாக இல்லாமல் இருந்தார். அதிலிருந்துதான் எங்கள் ஸ்பீக்கர் வேலை ஆரம்பமானது.

அவர் காடி 2008-ல் வந்த சாகா. ஒரு சனிக்கிழமை காலை, மடப்பள்ளிக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் நிறுத்திக் கதவைக் கழட்டினோம். ஸ்க்ரூ ரெண்டு கைப்பிடிக் குழிக்குள்ளே ஒளிந்திருக்கும், அதைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் போச்சு. மீதியெல்லாம் பிளாஸ்டிக் கிளிப், ஓரமாகக் கை விட்டு இழுத்தால் டப் டப் என்று வரும். ரெண்டு கிளிப் உடைந்தது. உள்ளே ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் போடக் கூடாது. கண்ணாடி வழியாக மழைத் தண்ணி கதவுக்குள்ளே இறங்கும், அது ஸ்பீக்கர் மேலும் அட்டை மேலும் படாமல் காப்பது அந்தத் தாள்தான்.

பழைய ஸ்பீக்கரை எடுத்தால் கூம்பின் ஓரம் விரல் பட்டதும் உதிருது. அளந்தோம், ஆறரை அங்குலம். அகலத்தை மட்டும் அளந்துவிட்டுக் கடைக்கு ஓடாதீர்கள். ஆழத்தையும் அளக்கணும், அதுவும் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு. புது ஸ்பீக்கரின் காந்தம் பெரிசு, இறங்குகிற கண்ணாடி அதில் போய் முட்டினால் ஸ்பீக்கர் செலவை விடக் கண்ணாடிச் செலவு கூடிவிடும்.

வாங்கினது: பேர் தெரிந்த கம்பெனியின் 2 வே ஸ்பீக்கர் ஒரு ஜோடி 139 வெள்ளி. 2 வே என்றால் பெரிய கூம்பின் நடுவே மேல் ஸ்தாயிக்கென்று ஒரு சின்ன ட்வீட்டர் இருக்கும். கதவு ஓட்டைக்குப் பொருந்துகிற பிளாஸ்டிக் வளையம் 18 வெள்ளி. கதவுத் தகரத்தில் ஒட்டுகிற பியூட்டில் தாள் 35 வெள்ளி, ஸ்பாஞ்ச் டேப் 6 வெள்ளி. மொத்தம் 198. பசியாறின ரொட்டிச் சானாய் கணக்கில் சேரலை.

அந்தப் பியூட்டில் தாள்தான் பாதி விஷயம். ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்குது. முன்னால் வருகிற காற்றும் பின்னால் போகிற காற்றும் கதவு ஓட்டை வழியாகச் சந்தித்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும், தவில் சத்தம் காணாமல் போகும். தவிலுக்கே மரக் கட்டை சுத்தி வர மூடித்தானே இருக்குது? கதவும் அப்படி ஒரு பெட்டி ஆகணும். உள் தகரத்தில் இருக்கிற பெரிய ஓட்டைகளைத் தாள் போட்டு அடைத்தோம். கதவின் அடியில் சின்னச் சின்னத் துவாரம் இருக்கும், அதை மட்டும் தொடக் கூடாது, தண்ணி வடிகிற வழி அது. அதை அடைத்தால் ரெண்டு மழைக்காலத்தில் கதவு துருப்பிடிக்கும்.

ஒயரை இணைத்து, எல்லாம் மூடி, பாட்டைப் போட்டால் முன்னே இருந்ததை விட மோசம்! மெல்லிசாக, தகரத்தில் தட்டின மாதிரி. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அப்புறம்தான் புத்தி வந்தது. ஒரு பக்கம் பாசிட்டிவ் நெகட்டிவ் மாத்திக் கொடுத்துவிட்டோம். ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்குது, அதனால் கீழ் ஸ்தாயி அடிபட்டுப் போச்சு. இதைக் கண்டுபிடிக்க சுவர்க் கடிகாரத்து ஒன்றரை வோல்ட் பேட்டரி போதும். ஒயரின் ரெண்டு முனையையும் ஒரு நொடி பேட்டரியில் தொட்டு எடுத்தால், பாசிட்டிவ் பாசிட்டிவோடு பட்டிருந்தால் கூம்பு வெளியே துள்ளும். மாத்திப் போட்டோம், தவில் வந்துவிட்டது. முதல் கதவுக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு, ரெண்டாவது கதவு நாற்பது நிமிஷம்.

அப்புறம் அவர் பேத்தி பாடினதைப் போட்டோம். அவர் ஒன்றும் சொல்லலை. முழுசாகக் கேட்டுவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து போட்டார். காதில் இருக்கிற பள்ளம் அப்படியேதான் இருக்குது, ஸ்பீக்கர் மாத்தினால் காது சரியாகாது. ஆனால் மிச்சம் இருக்கிற காதுக்கு மெய் எழுத்து போய்ச் சேருது. சத்தத்தை முன்னே 30-ல் வைத்து ஓட்டினவர் இப்போ 18-ல் வைத்து ஓட்டுகிறார்.

இதில் சின்னதாக ஒரு யோசனை. காது மந்தமானவர் ஓட்டுகிற காடி என்றால், இன்னும் ஒரு நூறு வெள்ளி கூட்டி ட்வீட்டர் தனியாக வருகிற கம்போனென்ட் வாங்கி, அந்த ட்வீட்டரைக் கண்ணாடி மூலையில், காதுக்கு நேராக வைக்கலாம். கதவின் கீழே இருக்கிற ட்வீட்டர் முழங்காலுக்குத்தான் பாடும்.

இப்போ வாட் கதைக்கு வருவோம். இங்கேதான் நம்ம பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். நெட்டில் 60 வெள்ளிக்கு ஸ்பீக்கர், பெட்டி மேலே 1000 வாட் என்று தங்க எழுத்தில் அச்சு. அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் என்று சின்னதாகப் போட்டிருக்கிற எண், தொடர்ந்து தாங்குகிற அளவு அது. ரேடியோ முகப்பில் 50 வாட் பெருக்கல் 4 என்று இருக்கும். தொடர்ந்து அது கொடுப்பது சுமார் 15, 20 வாட்தான். நம்ம தேவைக்கு அது தாராளம். வாட்டை ரெண்டு மடங்கு ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல், காதுக்கு "கொஞ்சம் கூடிச்சு போல" என்று தோன்றும், அவ்வளவுதான். சத்தம் ரெண்டு மடங்கு என்று காது ஒத்துக்கொள்ள சுமார் பத்து மடங்கு வாட் வேணும்.

அதை விட முக்கியமான எண் சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. 87 போட்டதை விட 92 போட்டது அதே ரேடியோவில் நல்லாப் பாடும், மூணு மடங்கு வாட் கொடுத்த மாதிரி.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதுசு இல்லை. திருவிழா வந்தால் மாரியம்மன் கோயில் பக்கத்துத் தென்னை மரத்தில் ரெண்டு ஹார்ன் கட்டுவார்கள். சின்ன ஆம்ப்ளிஃபயர், காடி பேட்டரியில் ஓடும். அந்த ரெண்டு ஹார்னும் பத்து லயத்துக்கும், பால்மரக் காட்டைத் தாண்டி அடுத்த டிவிஷனுக்கும் வார்த்தை பிசகாமல் கேட்கும். ஏன் என்றால் ஹார்ன் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 105 டெசிபலுக்கு மேலே. அது 1 வாட்டில் போடுகிற சத்தத்தை 90 டெசிபல் காடி ஸ்பீக்கர் போடணும் என்றால் 30 வாட்டுக்கு மேலே வேணும். ஹார்னில் கீழ் ஸ்தாயி சுத்தமாக வராது, ஆனால் மெய் எழுத்து தெளிவாக வரும். அதனால்தான் அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் நமக்கு வார்த்தையோடு மனப்பாடம்.

காசு இல்லாதவர்களுக்கு இன்னும் ஒரு வழி, ஹாஃப் கட் கடை. ஜப்பான் காடிகளைப் பாதியாக வெட்டிக் கொண்டு வருகிற கடைகள் நம்ம பக்கத்தில் நிறைய இருக்குது. அந்தக் காடிகளில் விலை கூடின மாடலில் வருகிற ஸ்பீக்கர் சில சமயம் 40, 50 வெள்ளிக்கே கிடைக்கும். கூம்பை ரெண்டு கட்டை விரலால் ஒரே சீராக மெதுவாக அமுக்கிப் பாருங்கள், உள்ளே கர் கர் என்று உரசினால் வேண்டாம். 4 ஓம் போட்டிருக்கணும். புதுக் காடி வைத்திருக்கிறவர்கள், வாரண்டி முடிகிற வரைக்கும் ஒயரை வெட்டாதீர்கள், இணைக்கிற பிளக் தனியாகப் பத்து வெள்ளிக்கு விற்குது.

இதுக்கெல்லாம் முன்னே காசு இல்லாத வேலை ஒன்று இருக்குது. முக்கால்வாசிப் பேர் பாட்டை வாட்ஸ்அப்பில் ஒருத்தர் அனுப்பினதை இன்னொருத்தருக்கு அனுப்பிக் கேட்கிறீர்கள். அதில் பல முன்னமே சுருக்கின பதிவு, எலும்பாக இருக்குது, 5,000 வெள்ளி ஸ்பீக்கர் போட்டாலும் எலும்புதான் வரும். ரேடியோவில் பாஸ், ட்ரெபிள் ரெண்டையும் யாராவது மேலே தள்ளி வைத்திருப்பார்கள், நடுவுக்குக் கொண்டு வாருங்கள்.

அடுத்தது மைவிப் பையன் கதை. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். வயசு 24, ஃபேக்டரியில் காண்ட்ராக்ட் வேலை. ஒரு கடையில் பூட்டுக்குள்ளே பெரிய சப்வூஃபர் பெட்டி, ஆம்ப்ளிஃபயர், நாலு கதவு ஸ்பீக்கர், நீல லைட், எல்லாம் சேர்த்து 3,800 வெள்ளி. மாசத் தவணை. மூணாவது தவணை கட்டும்போது காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது. இப்போ வேற இடத்தில் சம்பளம் குறைவு, தவணை மட்டும் அப்படியே. காடி பேட்டரி ரெண்டு தடவை செத்துவிட்டது. நாங்கள் பூட்டைத் திறந்து பார்த்தோம். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வருகிற தடி ஒயரில் முன்பக்கம் ஃபியூஸே இல்லை. பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள்ளே ஃபியூஸ் இருக்கணும். ஒயர் எங்கேயாவது தகரத்தில் தேய்ந்து பட்டால் காடி தீப்பிடிக்கும். அன்னைக்கே ஃபியூஸ் போட்டுக் கொடுத்தோம், 12 வெள்ளி. இந்த மாதிரி இணைப்பு செய்திருக்கிற மற்ற தம்பிகளும் இன்னைக்கே பானெட்டைத் திறந்து பாருங்கள். பாட்டு நல்லா இருக்குதோ இல்லையோ, இது உயிர் சமாச்சாரம்.

"ஏண்டா இவ்வளவு போட்டே" என்று கேட்டதுக்கு அவன் சொன்ன பதில் எங்களைக் கொஞ்சம் உட்கார வைத்துவிட்டது. "அண்ணே, ஃபிளாட்ல ஏழு பேரு. எனக்குன்னு இருக்கிற ரூமே இந்தக் காடிதான்." தோட்டம் உடைந்து ஜனங்கள் பட்டணத்து மலிவு வீட்டுக்கு வந்த பிறகு பிறந்த பிள்ளை அவன். லயத்தில் நமக்கு வாசல் இருந்தது, பந்து விளையாட மைதானம் இருந்தது, கோயிலடி இருந்தது. அவனுக்கு 12 மணி நேர ஷிஃப்டும் இந்த நாலு கதவும்தான். அதனால், காடிப் பாட்டே வீண் செலவு, அந்தக் காசை உண்டியலில் போடலாம் என்று கூட்டத்தில் ஒரு ஐயா சொன்னதை நாங்கள் மரியாதையோடு மறுக்கிறோம். தொழிலாளிக்குப் பாட்டு எதுக்கு என்று அந்தக் காலத்தில் துரைமார்கள் நினைத்திருக்கலாம், நாமே நம்ம பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லக் கூடாது.

ஆனால் தம்பி, உன்னிடமும் ஒரு கணக்குச் சொல்லணும். உறுமி மேளம் நெஞ்சில் அடிக்கணும் என்கிறாய். நியாயமான ஆசை. சுங்கைப் பட்டாணி தைப்பூசத்தில் உறுமி பக்கத்தில் நின்றவனுக்கு அது வேணும் என்றுதான் தோன்றும். நல்லா அடைத்த கதவில் ஆறரை அங்குல ஸ்பீக்கர் அந்த உறுமலில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். பூட்டில் கிடக்கிற பெட்டி அதுக்கு மேலே கொடுப்பது, காடிக்கு வெளியே நிற்கிறவனுக்குக் கேட்கிற சத்தம்.

அந்தச் சத்தத்துக்கு விலை இருக்குது. நம்ம நாட்டில் வேலை இடத்து இரைச்சல் சட்டம் 2019-ல் மாறினது. ஜூன் 1-ஆம் தேதியிலிருந்து நடப்பில் இருக்குது. முன்னே 1989 சட்டத்தில் ஒரு நாளைக்கு 90 டெசிபல் வரைக்கும் விட்டார்கள், இப்போ 8 மணி நேரத்துக்கு 85. ஒவ்வொரு 3 டெசிபல் கூடுகிறபோதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். உன் மைவிக்குள்ளே போனில் இலவச ஆப் போட்டு அளந்தோம். துல்லியமான கருவி இல்லை, இருந்தாலும் 100-ஐத் தாண்டித்தான் காட்டினது. அதாவது கூலிம் போய்ச் சேருவதற்குள்ளே உன் காது ஒரு நாள் பங்கைச் சாப்பிட்டு முடித்துவிட்டது. அப்புறம் ஃபேக்டரிக்குள்ளே போய் இன்னொரு பங்கு. ஃபேக்டரியில் காதடைப்பான் மாட்டலை என்றால் சூப்பர்வைசர் நாங்கள்தான் எழுதிக் கொடுக்கிறோம். காடிக்குள்ளே யார் எழுதுவது? 12 வயசிலிருந்து 35 வயசுக்குள் இருக்கிற நூறு கோடிக்கும் மேலான பேருக்கு இந்த மாதிரிப் பாட்டுச் சத்தத்தாலேயே காது கெடுகிற ஆபத்து இருக்குது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எங்களுக்காவது சம்பளத்துக்காகக் காது போச்சு.

சின்னவர்களைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. நம்ம கோயில் கூரையில் இருக்கிற ரெண்டு ஹார்னில் ஒன்று தாமான் பக்கம் திரும்பியிருக்குது. காலை 5:30-க்கு சுப்ரபாதம் போட்டால் எதிர் வரிசையில் இருக்கிற மலாய்க்காரர், சீனர் வீட்டுக் கைப்பிள்ளை வரைக்கும் எழுந்துவிடும். அவர்கள் இத்தனை வருஷம் முகம் சுளிக்காமல் இருப்பது அவர்கள் பெருந்தன்மை. மைவியின் சத்தம் நமக்கு இடைஞ்சல் என்றால் நம்ம ஹார்ன் யாருக்கு இடைஞ்சல் என்று பலகை எழுதும் முன்னே யோசிக்கணும். ஹார்னை இறக்கி, மண்டபத்துக்குள்ளே ரெண்டு சின்னப் பெட்டி ஸ்பீக்கர் போட்டால் பாடுகிற அம்மாவின் குரலும் எடுக்கும். இதைச் செயலவையிடம் எழுத்து மூலம் கொடுத்திருக்கிறோம். பலகைக்கு ஒதுக்கின 150 வெள்ளியை இதுக்குத் திருப்பிவிடும்படி கேட்டிருக்கிறோம்.

வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்கு, கோத்தோங் ரோயோங் முடிந்ததும், மடப்பள்ளிக்குப் பின்னால் கொட்டகையில் இருப்போம். மைவிப் பையன் பூட்டில் இருக்கிற பெட்டியை விற்க ஒத்துக்கொண்டான். பாதி விலைக்குப் போனால் நாலு தவணை அடையும். வாங்க ஆள் தெரிந்தால் சொல்லுங்கள், ஃபியூஸ் போட்டுத்தான் கொடுப்போம். அன்னைக்கு அவன் முன்கதவு ரெண்டையும் கழட்டி அடைக்கப் போகிறோம். மற்ற பிள்ளைகளும் காடியைக் கொண்டு வரலாம், தங்கச்சிகளும் வரலாம், போன வாரம் ஒரு தங்கச்சி தன் ஆக்ஸியா கதவை எங்களை விடச் சீக்கிரமாகக் கழட்டினாள். அளவு எடுக்காமல் ஸ்பீக்கர் வாங்கி வராதீர்கள், முதல்ல அளவு எடுக்க வாருங்கள். வேலைக்குக் கூலி கிடையாது, தே தாரிக் எங்கள் செலவு. கிளிப் உடைந்தால் திட்டக் கூடாது. காது மந்தமான பெரியவர்கள் பழைய ஸ்பீக்கருக்கும் புதுசுக்கும் வித்தியாசம் கேட்டுப் பார்க்கணும் என்றால் அந்தச் சாகா பக்கத்திலேயே நிற்கும், சாவி எங்களிடம் இருக்குது.